பிளஸ் டூ அண்ணன்களுக்குப் பிரிவு உபசாரம்: கேலியும் இருக்கணும், பாசமும் தெரியணும், என்ன எழுதுவது?

பனிமூட்டம் (ஊட்டி)

எல்லாருக்கும் வணக்கம். ஊட்டியில் ஒரு கத்தோலிக்க ஆண்கள் மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். பிராக்டிகல் ஆரம்பிப்பதற்கு முந்தின வாரம் பிளஸ் டூ அண்ணன்களுக்கு நாங்கள்தான் பிரிவு உபசாரம் நடத்தணும். காலையில் சிற்றாலயத்தில் திருப்பலி, அப்புறம் ஹாலில் நிகழ்ச்சி, டீ, குரூப் போட்டோ. பாட்டு, நாடகம் எல்லாம் ஆளுக்கு ஆள் பங்கு போட்டாச்சு. ஒவ்வொரு அண்ணனைப் பற்றியும் இரண்டு மூன்று வரி எழுதி மேடையில் வாசிக்கிற வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. மொத்தம் 46 பேர்.

வழக்கமாக ஆளுக்கு ஒரு டைட்டில் கொடுத்துவிடுவார்கள், ஹால் சிரிக்கும், முடிந்தது. இந்த வருஷம் அது வேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிறது, ஏன்னா இவர்கள் நிஜமாகவே எங்களிடம் பாசமாக இருந்த செட், கிரவுண்டில் எங்களை ஒதுக்கினதே இல்லை, ரெக்கார்டு நோட்டு கேட்டால் கொடுப்பார்கள். அதற்காக "அன்பு அண்ணா, உங்களை என்றும் மறவோம்" என்று 46 தடவை வாசித்தால் கடைசி பெஞ்சில் விசில் அடித்தே கொன்றுவிடுவார்கள். முழுக்கப் பசங்க மட்டும் இருக்கிற ஹால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், அங்கே உருகி உருகிப் பேசினவன் அடுத்த வருஷம் முழுக்கத் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. ஏஐயில் போட்டுப் பார்த்தேன், எல்லா அண்ணன்களும் "ஒளிரும் நட்சத்திரம்" ஆகிவிட்டார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

குன்னூர்ப் பெருசு

தம்பி, நான் தொண்ணூறுகளில் பிளஸ் டூ முடித்தவன். அப்போது இந்த மேடை வாசிப்பெல்லாம் இல்லை, ஆட்டோகிராஃப் நோட்டுதான். ஒரு பக்கம் ரோஸ், ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் பச்சை என்று வரும், பரீட்சைக்குப் படிக்கிறதை விட்டுவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு அலைவோம். என் நோட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது. பாதிப் பேர் "கடல் அலை ஓய்ந்தாலும் நம் நட்பு ஓயாது" என்றுதான் எழுதியிருக்கிறான். அதில் கடலைப் பார்த்தவன் எத்தனை பேர் என்பது சந்தேகம்தான், மேட்டுப்பாளையத்தைத் தாண்டாதவனே நிறைய.

ஒருத்தன் மட்டும் இப்படி எழுதினான்: "கெமிஸ்ட்ரி லேபில் பிப்பெட்டை உடைத்தது நீதான் என்று எனக்குத் தெரியும். பிரதரிடம் நான் சொல்லவில்லை. அதற்கு ஒரு பரோட்டா பாக்கி." எத்தனையோ பக்கங்களில் எனக்கு இன்றைக்கும் மனப்பாடமாக இருப்பது இது ஒன்றுதான். இதில் நட்பு, பாசம் என்ற வார்த்தையே கிடையாது பார். ஆனால் என்னைக் கவனித்திருக்கிறான், காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கிறான், அதைச் சொல்லிவிட்டுத்தான் போகிறான்.

அதனால் நல்லவர், வல்லவர், திறமைசாலி எல்லாம் தள்ளு. ஒவ்வொருத்தர் செய்ததில் நீங்கள் கண்ணால் பார்த்த ஒரு விஷயத்தைப் பிடி. எல்லாரையும் உனக்கே தெரிந்திருக்காது, பரவாயில்லை. மஞ்சூர் பஸ்ஸில் வருகிற அண்ணனைப் பற்றி அதே பஸ்ஸில் வருகிற எட்டாம் வகுப்புப் பொடியனிடம் கேள், கேன்டீன் அக்காவிடம் கேள், வாட்ச்மேனிடம் கேள். வகுப்பில் வாயே திறக்காத ஆளைப் பற்றித்தான் வாட்ச்மேனுக்கு நிறையத் தெரிந்திருக்கும்.

அப்புறம் டீக்கு நம்ம ஊட்டி வர்க்கி பிஸ்கட்தானே வாங்குவீர்கள்? முதல் நாளே பேக்கரியில் சொல்லிவை. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து சுற்றுலா வருகிறவர்கள் பை பையாக அள்ளிக்கொண்டு போகிறார்கள், உள்ளூர்க்காரனுக்குத் தூள்தான் மிச்சம்.

ஓய்வுபெற்ற தமிழய்யா

தம்பி, முதலில் கணக்கைப் பார். 46 பேர், ஒருவருக்கு 40 விநாடி என்றாலே அரை மணி நேரம் தாண்டும். நீ ஒருவனே வாசித்தால் பத்தாவது பெயரோடு ஹால் உன் கையை விட்டுப் போய்விடும். நான்கைந்து பேர் மாற்றி மாற்றி வாசியுங்கள். பெயரை முதலில் சொல்லாதே, வரிகளைச் சொல்லிவிட்டுக் கடைசியில் பெயரைச் சொல், அதற்குள் ஹாலே கண்டுபிடித்துக் கத்திவிடும்.

சுருக்கமாகப் பேசுவது உங்கள் மாதிரிப் பள்ளிகளுக்குப் புதிதும் இல்லை. சலேசிய சபை விடுதிகளில் தூங்கப் போகுமுன் ஃபாதர் இரண்டு மூன்று நிமிடம் பேசுகிற 'குட் நைட்' வழக்கம் உண்டு. அந்தச் சபையை நிறுவிய பாதிரியார் தொன் போஸ்கோ இத்தாலியின் டூரினில் அநாதைப் பையன்களை வீட்டில் சேர்த்துக்கொண்ட காலத்தில், அவருடைய அம்மா மார்கரீத்தா ராத்திரியில் அந்தப் பிள்ளைகளிடம் நாலு நல்ல வார்த்தை சொல்லிப் படுக்க அனுப்பியதுதான் அதன் தொடக்கம். அதே தொன் போஸ்கோ 1884இல் ரோமிலிருந்து எழுதிய கடிதத்தில், பையன்களை நேசித்தால் மட்டும் போதாது, தாங்கள் நேசிக்கப்படுவது அவர்களுக்கே தெரிய வேண்டும் என்கிறார். விசில் பயத்தில் பாசத்தை ஒரேயடியாக ஒளித்துவிடாதே.

மதிப்பெண், அப்பாவின் தொழில், சாதி, நிறம், உடம்பு, காதல் கதை, இவை எதுவும் வேண்டாம். எழுதி முடித்ததும் வகுப்பாசிரியர் ஒரு தடவை படிக்கட்டும். திருப்பலியில் விசுவாசிகள் மன்றாட்டையும் உங்களிடம்தான் கொடுப்பார்கள். அங்கே நகைச்சுவை வேண்டாம், அதே சமயம் "எல்லாருக்கும் வளமான எதிர்காலம்" என்று மொட்டையாகவும் முடிக்காதே. பரீட்சைப் பயத்தில் தூங்காமல் இருப்பவர்களுக்காக, கல்லூரிக்குப் பணம் புரட்ட அலையும் வீடுகளுக்காக என்று கேளுங்கள். கிறிஸ்தவர் அல்லாத பையன்களும் சேர்ந்து ஆமென் சொல்வார்கள்.

கொடை ஹாஸ்டல்

டைட்டிலை நிறுத்துவது ரொம்ப நல்ல முடிவு தம்பி. நான் படித்தது இந்தப் பக்கம், பழனி மலையில் ஒரு பள்ளி, பெயர் வேண்டாம். எனக்குக் கொடுத்த பட்டம் என் நிறத்தை வைத்து. ஹாலே சிரித்தது, நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய முடியும்? இன்றைக்கும் செட் வாட்ஸ்அப் குரூப்பில் எனக்கு அதுதான் பெயர். கொடுத்தவன் நல்லவன்தான், போன மாதம்கூட என் மகள் காதுகுத்துக்கு வந்திருந்தான், வந்தவன் பந்தியில் என் மாமனார் காதுபட அதே பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டான்.

இன்னொன்று, உங்கள் செட்டில் ஹாஸ்டல் பையன்கள் இருந்தால் அவர்களுக்குத் தனியாக ஏதாவது செய்யுங்கள். டே ஸ்காலருக்குப் பரீட்சை முடிந்தாலும் அதே ஊர், அதே பஜார். எங்களில் நிறையப் பேர் வத்தலக்குண்டு, பழனி, ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆட்கள், ஆறாம் வகுப்பில் டிரங்குப் பெட்டியோடு மேலே வந்து ஏழு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே கிடந்தவர்கள். கடைசி நாள் பெட்டியைக் கட்டும்போது எவனும் எவன் முகத்தையும் பார்க்கவில்லை, கயிறு இறுக்குகிற சாக்கில் எல்லாரும் குனிந்தே இருந்தோம். எங்கள் பக்கத்துக் கட்டில்காரன் தன் ஸ்கூல் ஸ்வெட்டரை ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருத்தனிடம் கொடுத்துவிட்டுப் போனான், முழங்கையில் ஒட்டுப் போட்டது. "கீழே போனா இது எதுக்குடா" என்றான். அவ்வளவுதான் பேச்சு. அந்தப் பையன் கைநீளம் பத்துகிறவரை அதைத்தான் போட்டிருந்தான்.

கோத்தகிரிக்காரன்

அய்யா சொல்வது எல்லாம் சரி, ஆனால் வகுப்பாசிரியர் படித்துத் திருத்தின பிறகு அதில் உப்பு இருக்குமா என்பதையும் யோசி. கேலியே இல்லாமல் எழுதினால் அது ஆண்டு விழா அறிக்கை. எங்கள் ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், ஒருத்தனை யாருமே கிண்டல் பண்ணவில்லை என்றால் அவனோடு பேச்சுவார்த்தை இல்லை என்று அர்த்தம். அவன் செய்கிற காரியத்தைக் கிண்டல் பண்ணு, அவன் பிறந்த விதத்தைத் தொடாதே. முதலில் இழு, கடைசி வரியில் உண்மையைச் சொல், மாற்றிச் செய்தால் சப்பென்று ஆகிவிடும்.

இந்த 46 பேரில் ஜூன் மாதம் எத்தனை பேர் மலையில் இருப்பான் என்றும் பார். தேயிலை விலை இருக்கிற லட்சணத்தில் தோட்டத்தை நம்பி இங்கேயே இருக்கச் சொல்கிற அப்பன் யார்? எல்லாரும் கோயம்புத்தூர்தான். சொல்ல வேண்டியதை இப்போதே சொல்லிவிடு.

பனிமூட்டம் (ஊட்டி)

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்றிலிருந்து விசாரித்து மூன்று எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

கோல்கீப்பர் அண்ணா: "பந்தைத் தடுத்ததைவிட எங்களைத் திட்டினது அதிகம். காலைப் பனியில் கிளவுஸ் ஈரமாகிக் கை மரத்துப்போனாலும் வாய் மட்டும் மரத்ததே இல்லை. ஃபைனலில் நாங்கள் விட்ட கோலுக்கு மட்டும் ஒரு வார்த்தை திட்டவில்லை, பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்."

கேத்தியிலிருந்து வருகிற அண்ணா: "ரயில் லேட், சார். இரண்டு வருஷமாக இந்த ஒரே காரணம். 1908இல் ஊட்டிக்கு ரயில் விட்டதே இவருக்கு லேட் ஸ்லிப் கொடுக்கத்தான் போல. ஆனால் கூட்டத்தில் சின்னப் பையன்களின் பையை ஜன்னல் வழியாக வாங்கி வைத்து, அத்தனை பேரையும் உட்கார வைத்துவிட்டுத் தான் நின்றுகொண்டு வந்ததும் இவர்தான்."

கீபோர்டு அண்ணா: "நெற்றியில் விபூதி, கையில் கிறிஸ்துமஸ் பாட்டு. நீதிபோதனை வகுப்பில் இருக்க வேண்டியவர், எந்நேரமும் பாடகர் குழுவில் இருந்தார். இவர் போன பிறகு சிற்றாலயத்தில் யார் வாசிப்பது என்று ஃபாதரே கவலையில் இருக்கிறார்."

ஓய்வுபெற்ற தமிழய்யா

இரண்டாவது பிரமாதம், அதில் கை வைக்காதே. மூன்றாவதை மேடையில் வாசிக்குமுன் அந்தப் பையனிடம் கேட்டுவிடு. விபூதி பற்றிய வரி அவனுக்குச் சம்மதமா என்று அவன்தான் சொல்ல வேண்டும்.

கொடை ஹாஸ்டல்

கோல்கீப்பர் வரியில் "பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்" போதும் தம்பி, அதற்கு மேல் விளக்கம் எதுவும் சேர்த்துவிடாதே.

பனிமூட்டம் (ஊட்டி)

கீபோர்டு அண்ணாவிடம் கேட்டேன் அய்யா. விபூதி இருக்கட்டும், ஆனால் பிஷப் வந்த அன்றைக்குப் பல்லவிக்கு நடுவில் டெமோ டியூன் பட்டனை அமுக்கினதையும் சேர்த்தால்தான் சம்மதம் என்கிறார். சேர்த்துட்டேன். இன்னும் 43 பேர் பாக்கி, ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிக்கணும், கேன்டீன் அக்காவைப் பார்க்கத்தான் இப்போது போகிறேன்.