பி20 ஆயில் நிரப்பியதிலிருந்து பர்னர் நின்றுபோகிறது, உதவுங்கள்

குளிர்காடு:
அமெரிக்காவில் ரோட் ஐலண்டில் பழைய வீடு வாங்கியிருக்கிறோம், இதுதான் முதல் குளிர்காலம். பேஸ்மென்ட்டில் 275 கேலன் இரும்பு டேங்க், வீட்டைச் சூடாக்கும் ஆயில் பர்னர். போன வாரம் டேங்க் நிரப்பினார்கள், பில்லில் பி20 (20 சதவீதம் பயோடீசல் கலந்த ஹீட்டிங் ஆயில்) என்று இருந்தது. அன்றிலிருந்து பர்னர் அடிக்கடி லாக் ஆகிறது. ரீசெட் பட்டனை அமுக்கினால் கொஞ்ச நேரம் எரிகிறது, மறுபடி நிற்கிறது. சோயா பயோடீசல் குளிரில் உறையுமாமே, அதுதானா? வீட்டில் கைக்குழந்தை இருக்கு.

பாய்லர்பாண்டி:
முதல்ல அந்தப் பட்டனை விடுங்க. ஒரு தடவை அமுக்கலாம், அதுக்கு மேல வேண்டாம். எரியாத ஒவ்வொரு தடவையும் ஆயில் உள்ளே தேங்கும், அப்புறம் பற்றினால் மொத்தமா பற்றும். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்யுதான்னும் பாருங்க.

உறைஞ்சிருக்க வாய்ப்பில்லை. சுத்த சோயா பயோடீசலே 0 டிகிரி பக்கம்தான் கலங்க ஆரம்பிக்கும். 20 சதவீதக் கலவை அதுக்கும் கீழே தாங்கும். டேங்க் வெளியே பனியில் இருந்தால் நானும் சந்தேகப்படுவேன். என் சந்தேகம் வண்டல் மேலதான். பயோடீசல் நல்ல கரைப்பான், பல வருஷமா டேங்கில் ஒட்டின அழுக்கைக் கிளப்பி ஃபில்டருக்கு அனுப்பும். ஃபில்டரைக் கழற்றிப் பாருங்க. தேங்காய் எண்ணெய் மாதிரி வெள்ளையா உறைஞ்சிருந்தா குளிர். கறுப்புச் சேறுன்னா வண்டல்.

வடகரை:
எதுக்கு வம்பு? பழையபடி வெறும் ஹீட்டிங் ஆயிலே வாங்குங்க.

பாய்லர்பாண்டி:
@வடகரை அந்த ஊர்ல அது நடக்காதுங்க. ஹீட்டிங் ஆயில்ல 2023 ஜூலையில் 10, 2025 ஜூலையில் 20, 2030இல் 50 சதவீதம் பயோடீசல் கலக்கணும்னு சட்டமே போட்டுட்டாங்க.

குளிர்காடு:
டெக்னீஷியன் வந்து போனார். சொன்னபடியே கறுப்புச் சேறு! ஃபில்டர், நாசில் (ஆயிலைத் தெளிக்கும் முனை) ரெண்டையும் மாற்றி, பம்பில் காற்றை வெளியேற்றிவிட்டுப் போனார். நேற்று ராத்திரியிலிருந்து நிற்கவில்லை. ரொம்ப நன்றிங்க. மறுபடி அடைக்குமா?

பாய்லர்பாண்டி:
அடைக்கலாம், அழுக்கு ஒரே நாளில் தீராது. உபரி ஃபில்டர் ஒன்று கையில் இருக்கட்டும். ஆயில் ஊற்றும்போது பர்னரை அணைச்சு, வண்டல் அடங்க ரெண்டு மணி நேரம் விட்டுட்டுப் போடுங்க. டேங்கின் அடியில் தண்ணீர் நிக்குதான்னும் அவரிடம் கேளுங்க, இரும்பு டேங்க் உள்ளிருந்துதான் அரிக்கும்.