எங்கள் லைன் வைஃபையை ஓட்ட ஒரு வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். பந்தலூர் தாலுகாவில், வயநாட்டை ஒட்டின தேயிலைத் தோட்ட லைன் வீடுகள் எங்களுடையது. இங்கே போனில் சிக்னல் கிடைத்தாலும் பாதி நேரம் கேரள டவர்தான். 3 வருஷத்துக்கு முன்னால் ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்த பணத்தில் மேட்டில் கம்பம் நட்டு, ஆன்டெனா, சோலார், பேட்டரி எல்லாம் வைத்து 40 வீட்டுக்கு வைஃபை கொடுத்தோம், திறப்பு விழாவுக்கு பந்தல், கேசரி எல்லாம் பிரமாதம்.

இப்போது பேட்டரி வயிறு உப்பிக் கிடக்கிறது. சித்திரை இடியில் அடாப்டர் கருகியது, பெட்டியைத் திறந்தால் உள்ளே எறும்புப் புற்று. எல்லாம் தெரிந்த பையன் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய்விட்டான், ரவுட்டர் பாஸ்வேர்டும் அவனோடு போய்விட்டது (போன் எடுக்க மாட்டேன் என்கிறான்). கருவி வாங்கத்தான் பணம் தருகிறார்கள், பராமரிப்புக்கு யாரும் தருவதில்லை.

ஸ்பெயினில் கட்டலோனியாவில் 2004இல் தொடங்கிய குய்ஃபி நெட், ஊர்க்காரர்களே சேர்ந்து கட்டிய இணைய நெட்வொர்க், இன்னும் ஓடுகிறது. அதை வைத்துத் தொழில் செய்யும் கம்பெனிகள் பயன்பாட்டுக்கு ஏற்ப செலவைப் பகிர்கின்றன. இங்கே கம்பெனிக்கு எங்கே போவது, ஒரு டீக்கடைதான் இருக்கிறது. மத்திய அரசின் பொது வைஃபை திட்டமான பி.எம். வாணியில் கடைக்காரர் லைசென்ஸ் இல்லாமலே வைஃபை விற்கலாமே, அப்படி யாராவது நடத்துகிறீர்களா? மாசம் வீட்டுக்கு எவ்வளவு வாங்கினால் முணுமுணுக்காமல் தருவார்கள்? அப்புறம், கூடலூர் பக்கம் கம்பம் ஏறத் தெரிந்தவர் இருந்தால் உடனே சொல்லுங்கள், மழைக்கு முன்னால் முடிக்கணும்.