புடு சிறை, கோலாலம்பூர்: பழைய படங்களுக்குக் குறிப்பு எழுத உதவி வேண்டும்

பள்ளத்தூரான்:

வணக்கம். காரைக்குடி வட்டார வீடுகளில் கிடைத்த மலேயாப் படங்களை ஒரு சிறு கண்காட்சிக்காக வரிசைப்படுத்தி வருகிறோம். நான்கு படங்களின் பின்பக்கம் "கோலாலம்பூர் ஜெயில்" என்று மையில் எழுதியிருக்கிறது, வேறு விவரம் இல்லை.

1) வளைவு வாசல், இருபுறமும் மதில்.
2) நீண்ட மதில் முழுக்க மரம், மலை என்று வண்ண ஓவியம்.
3) மதிலோரம் கம்பங்களில் கட்டப்பட்ட ஆட்கள், எதிரே துப்பாக்கியோடு சிப்பாய்கள், சுற்றிலும் பெருங்கூட்டம்.
4) உயரத்திலிருந்து எடுத்தது. கட்டடம் பெருக்கல் குறி வடிவில் தெரிகிறது.

நான்கும் புடு சிறைதானா? கட்டிய ஆண்டு 1891 என்று ஒருவர் சொல்கிறார், 1895 என்று இன்னொருவர். அந்த இடத்தில் இப்போது என்ன மிச்சம்? அங்கே போகிறவர்களுக்கு வழியும் சொன்னால் நல்லது.

சிலாங்கூர் செல்லையா:

மூன்றாவது படத்தை முதலில் தனியே எடுத்து வையுங்கள். அது கோலாலம்பூரே இல்லை. 1915 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் பிரிட்டிஷ் இந்தியப் படையின் ஐந்தாம் லைட் இன்ஃபன்ட்ரி சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். அதற்காக அடுத்த சில மாதங்களில் அவுட்ரம் ரோடு சிறையின் வெளிமதில் ஓரம், ஊர் பார்க்க, அவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். மொத்தம் 47 பேர். அந்தப் படம் எத்தனையோ ஆல்பங்களில் "மலேயா ஜெயில்" என்ற பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பின்பக்கக் கையெழுத்தை நம்பிக் குறிப்பு எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். அவுட்ரம் சிறையை 1960களில் இடித்துவிட்டார்கள்.

இரண்டாவது, வண்ண ஓவியம் இருப்பதால் 1980களுக்கு முந்தியதாக இருக்க முடியாது. கோங் யென் சோங் என்ற கைதி முன்னின்று வரைந்த ஓவியம் அது. சுமார் 860 அடி நீளம், 14 அடி உயரம். 'பாட்டையா காலத்துப் படம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் படத்தில் உயர்பாலத்தில் ரயில் பாதை தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் 1990களின் நடுப்பகுதிக்குப் பிந்தியது. ஒற்றைத் தண்டவாள மோனோரயில் ஓடினால் 2003க்குப் பிறகு.

நான்காவது பெரும்பாலும் புடுதான். நான்கு சிறகுகள் நடுவில் கூடுகிற அந்த அமைப்பு அதன் அடையாளம். சிங்கப்பூரின் சாங்கி சிறையோடு குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. ஆனால் சாங்கி 1936இல் முடிந்தது. அதில் நடுவே ஒரு நீண்ட நடை, அதன் இருபக்கமும் கட்டடங்கள்.

ஆண்டைப் பொறுத்தவரை இருவர் சொல்வதும் சரியே. வேலை 1891இல் தொடங்கியது, முதலில் எழுப்பியது மதிலைத்தான். முடிந்தது 1895இல். சிலாங்கூர் பொதுப்பணித் துறையின் ஸ்பூனர் பொறுப்பில் நடந்த வேலை. "1891–95" என்று போட்டுவிடுங்கள். அதற்கு முன் அந்த நிலம் சீனர் இடுகாடு.

ஆத்தங்குடி வாசகர்:

மிச்சம் என்று கேட்டால் வாசல்தான், அதை ஒட்டிக் கொஞ்சம் மதிலும் உண்டு. 1996இல் கைதிகளை சுங்கை பூலோ முதலான இடங்களுக்கு மாற்றினார்கள். கொஞ்ச காலம் காட்சியகமாக வைத்திருந்தார்கள். 2010 ஜூன் 21 இரவு, சாலையை அகலப்படுத்துவதற்காகக் கிழக்குப் பக்க மதிலை இடித்தார்கள், ஓவியமும் அதோடு போயிற்று. 2012 இறுதிக்குள் கட்டடங்கள் அத்தனையும் தரைமட்டம். அந்த நிலத்தில் இப்போது இருப்பது புக்கிட் பிந்தாங் சிட்டி சென்டர் என்ற வளாகம். லாலாபோர்ட் கடைத்தொகுதி 2022 ஜனவரியில் அங்கே திறந்தது.

புடு சிறை பெருமைப்படத்தக்க சின்னம் அல்ல என்ற பொருளில் அரசுத் தரப்பில் நாடாளுமன்றத்தில் பதில் சொன்னார்கள். சிங்கப்பூரில் அப்படி நினைக்கவில்லை. சாங்கியின் வாசலையும் 180 மீட்டர் மதிலையும் மூலைக் காவல் கோபுரங்களையும் 2016இல் தேசியச் சின்னமாக அறிவித்தார்கள். புடுவில் செய்தது, நம்மூரில் வீட்டை இடித்துவிட்டு நிலைக்கதவை மட்டும் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் நிறுத்தி வைப்பது போலத்தான்.

வழி: இறங்க வேண்டிய நிலையம் ஹங் துவா. 'புடு' என்று பெயர்ப்பலகை பார்த்து இறங்கிவிடாதீர்கள், அது அடுத்த நிலையம். பழைய புடுராயா பேருந்து நிலையமும் வேறு இடம். நம்மவர்கள் எப்படியும் லெபோ அம்பாங் கிட்டங்கித் தெருவை (செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய தெரு) பார்க்கப் போவார்கள். அங்கிருந்து மஸ்ஜித் ஜாமெக் நிலையத்துக்கு நடந்து, அம்பாங் தடத்தில் ஏறினால் பிளாசா ராக்யாட், அடுத்தது ஹங் துவா. மோனோரயிலும் அங்கே நிற்கும். பழைய கடிதங்களில் ஷா ரோடு என்று இருந்தால் அதுதான் இன்றைய ஜாலான் ஹங் துவா.

பள்ளத்தூரான்:

மிக்க நன்றி. மூன்றாவதை எடுத்துவிட்டோம். இன்னும் இரண்டு கேள்வி. சிறைக்குள் நடந்ததாகப் பலகையில் எதைப் போடலாம்? பெயர்களைத் தேடுவது எப்படி?

சிலாங்கூர் செல்லையா:

தமிழர் கண்காட்சி என்றால் எஸ்.ஏ. கணபதியை விட முடியாது. தஞ்சை மாவட்டம் தம்பிக்கோட்டையில் பிறந்தவர், அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர். 1948 ஜூனில் அவசரநிலை வந்தபின் ஆயுதம் வைத்திருந்தாலே மரண தண்டனை என்றாகியிருந்தது. 1949 மார்ச்சில் ரவாங் பக்கத்தில் துப்பாக்கியோடு பிடிபட்டதாக வழக்கு. இந்திய அரசு தண்டனையைக் குறைக்கக் கேட்டும் பலனில்லை. அந்த ஆண்டு மே 4 அன்று புடுவில் தூக்கிலிட்டார்கள். அவரோடு சேர்த்துச் சொல்லப்படும் தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் தூக்கிலிடப்பட்டவர் அல்ல. முந்தின நாள் சுட்டுக் கொல்லப்பட்டவர். இரண்டையும் ஒரே வரியில் எழுதிக் குழப்ப வேண்டாம்.

மற்றபடி, 1942 ஜனவரி 11இல் ஜப்பானியர் நகரைப் பிடித்ததும் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகளை இங்கேதான் அடைத்தார்கள். அவர்களில் பலரை அந்த ஆண்டின் பின்பாதியில் சயாம் ரயில்பாதைக்கு அனுப்பினார்கள். நெரிசலையும் ஒரு வரியில் சொல்லலாம்: சில நூறு பேருக்கென்று கட்டிய இடத்தில் 1980களில் ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள்.

கண்டனூர் மெய்யம்மை:

பெயர் தேடலுக்கு என் பங்கு. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பை வீட்டிலிருந்தே இணையத்தில் படிக்கலாம். 'ஜெயில்' என்று இன்றைய எழுத்தில் தேடினால் பாதி வராது. அன்றைய ஆங்கில நாளிதழ்களில் ஜி, ஏ, ஓ, எல் (gaol) என்றுதான் எழுதினார்கள். புடுவின் கடைசியில் யூவுக்குப் பதில் ஓ, எச் போட்டும் (Pudoh) பாருங்கள். செட்டி என்பதில் முதல் உயிரெழுத்து ஈ, ஐ இரண்டாகவும் (Chetty, Chitty) வரும்.

அதைவிட முக்கியம் விலாசம், அதாவது செட்டியார் கடைக்கு அடையாளமான முதலெழுத்துகள். ஆளின் பெயருக்கு முன்னால் வருவது முதலாளியின் விலாச எழுத்துகள். பின்னால் இருப்பது அங்கே மேலாளாக, அதாவது முதலாளிக்காகக் கடையை நடத்தும் முகவராக, இருந்தவர் பெயர். மேலாள் பொதுவாக மூன்று வருடக் கணக்கு முடிந்ததும் ஊர் திரும்பிவிடுவார், அடுத்தவர் வருவார். ஆகவே ஒரே விலாசத்தில் நாலைந்து பெயர் வந்தால் ஒரு குடும்பம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அச்சில் எழுத்துகளுக்கு இடையே புள்ளி இருக்கும். கணினி அதைத் தப்பாகப் படிக்கும். விலாசத்தை விட்டுவிட்டுப் பெயரோடு தெருப்பெயரைச் சேர்த்துத் தேடினால் கிடைக்கிறது.

அரசுக் கோப்பு வேண்டுமானால் மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் சிலாங்கூர் செயலகக் கோப்புகள் இருக்கின்றன. கோப்பு எண், சாய்கோடு, ஆண்டு என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். பட்டியலை இணையத்தில் பார்த்து எண்ணை எடுத்துக்கொண்டு போனால் ஒரு நாள் மிச்சம்.

படங்களை 600 டிபிஐயில் முன்பின் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள். ஆல்பத்தில் ஒட்டியதைப் பிய்க்காதீர்கள், பக்கத்தோடு சேர்த்தே எடுங்கள். ராமபாணப் பூச்சி அரித்த ஓரத்தை வெட்டிச் சீராக்கவும் வேண்டாம், ஸ்டுடியோ முத்திரை பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் இருக்கும்.

தேவகோட்டை ரஸ்தா:

புடுவுக்குப் பக்கத்தில் நம்ம திருவாடானையையும் ஒரு பலகை வையுங்கள் அண்ணே. 1942 ஆகஸ்டில் விடுதலைப் போராட்டக்காரர் சின்ன அண்ணாமலையை அடைத்த கிளைச்சிறையைச் சனங்கள் பகலிலேயே உடைத்து அவரை வெளியே கொண்டுவந்தார்கள். அதே வாரங்களில் புடுவில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் கைதிகளாகக் கிடந்தார்கள். இரண்டு பலகையிலும் மாதத்தைப் பெரிய எழுத்தில் போட்டால் போதும், பார்க்கிறவர்களே சேர்த்துப் படித்துக்கொள்வார்கள்.