வெளிநாட்டில் படிக்கும் டெல்டா பிள்ளைகள்: "நீ யார்?" என்ற கேள்வி எங்கெல்லாம் வருகிறது

தஞ்சாவூரிலிருந்து:
அந்தக் கேள்வி முதலில் வருவது படிவத்தில்தான். நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் பிள்ளையின் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய்விடும். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்று பொருள். அதையே பெயர் என்று நினைத்துக் கூப்பிடுகிறவர்களும் உண்டு.

அப்பா பெயரை சர்நேமாகப் போட்டால் அந்தத் தொல்லை தீரும், வேறொன்று தொடங்கும். கயல்விழி அங்கே 'மிஸ் ராஜேந்திரன்' ஆகிவிடுவாள். ஜெர்மனியில் குடிபோன 2 வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். பிறகு வரி எண்ணும் வங்கி அட்டையும் தபாலில் வரும். தபால்பெட்டியில் 'கயல்விழி' என்று மட்டும் ஒட்டியிருந்தால் 'ராஜேந்திரன்' பெயரில் வந்த கடிதம் திரும்பிப் போகும். இரண்டு பெயரையும் ஒட்டச் சொல்லுங்கள்.

வடமாநில அறைத்தோழர்களும் சர்நேம் கேட்பார்கள். அப்பா பெயரைச் சொன்னால், அது என்ன சாதி என்று அடுத்த கேள்வி வரலாம். சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து விடச் சொல்லி 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டதைத் தெரிந்துகொண்டு போகிற பிள்ளை அங்கே திணறாது. இதை நாம்தான் சொல்லி அனுப்ப வேண்டும், பள்ளிக்கூடம் சொல்லியிருக்கும் என்று விட்டுவிடக் கூடாது.

மன்னார்குடியிலிருந்து:
பெயரைத் திருத்துவதானால் கல்லூரிக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்துவிடுங்கள். 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். தஞ்சாவூரிலேயே சேவா கேந்திரம் இருக்கிறது. மார்க்‌ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் முழுப்பெயர் என்றிருந்தால் இருவரும் ஒருவரே என்று நோட்டரி உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வையுங்கள். ழகரத்தைப் பாருங்கள்: ஓர் ஆவணத்தில் இசட்-எச், இன்னொன்றில் எல் என்று இருக்கும். விமான டிக்கெட்டில் பாஸ்போர்ட் எழுத்து அப்படியே இருக்க வேண்டும்.

காரைக்காலிலிருந்து:
படிவத்தைத் தாண்டினால் மனிதர்கள். பாரிஸ் லா ஷப்பெல், லண்டன், டொரன்டோ எங்கே போனாலும் ஈழத் தமிழர் கடை இருக்கும். அவர்கள் பேச மாட்டார்கள், கதைப்பார்கள். அழகு அங்கே வடிவு. நம் பிள்ளையைப் பார்த்து "இந்தியாவோ?" என்பார்கள். தமிழன் என்று சொன்னாலே போதும் என்றிருந்தவனுக்கு, தமிழரிலும் பல நாட்டவர் இருப்பது அப்போதுதான் உறைக்கும். அவர்கள் பேச்சைத் திருத்தவும் வேண்டாம், நாமாகப் போரைப் பற்றிக் கேட்கவும் வேண்டாம். அவர்களாகச் சொன்னால் கேட்கலாம். தமிழர் வேறு நாட்டவராக இருப்பது, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த எங்கள் ஊருக்குப் புதிதல்ல. 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்த குடும்பங்கள் இங்கே இன்னும் இருக்கின்றன.

நாகப்பட்டினத்திலிருந்து:
எந்த ஊர் என்று கேட்டால் பிள்ளைகள் "சென்னைக்குத் தெற்கே" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது போதாது. சுமத்ராவை ஆண்ட ஸ்ரீவிஜய மன்னன் நாகையில் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாக விட்டான். அதைச் சொல்லும் 21 செப்பேடுகள் நெதர்லாந்து போய்ச் சேர்ந்து, லெய்டன் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே லெய்டன் செப்பேடுகள் என்று அறியப்பட்டன. வகுப்பில் இந்தோனேசியப் பிள்ளை இருந்தால், சுமத்ரா மன்னன் விகாரம் கட்டிய ஊர் எங்களுடையது என்று சொல்லட்டும். பேச்சு அங்கிருந்து தானாக நீளும்.