மக்னீசியம்: ‘கழிவு’ வேண்டாம், ‘மீட்புக்குறை’ பொருந்துமா?

அண்ணாச்சிக்கு வணக்கம். சிறுநீரக நோயாளிகளுக்கான நம் கையேட்டுச் சொற்களைப் பற்றி நீங்கள் எழுதியிருந்தது:

> மருந்தால் சிறுநீரில் மக்னீசியம் போய்விடுவதை ‘மக்னீசியக் கழிவு’ என்றே வைத்துக்கொள்ளலாமே. சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான். ஆனால் கழிவு என்றால் உடம்புக்கு வேண்டாதது. இங்கே போவதோ வேண்டியது. நாள்பட்ட சிறுநீரக நோயாளிக்கான கையேட்டில் இந்தச் சொல் ஏறினால், “கழிவுதானே, போகட்டும்” என்று படிப்பவர் இருந்துவிடுவார்.

நம் நாஞ்சில் நாட்டுக் குளத்தில் மறுகால் பாய்ந்தால் மிஞ்சிய நீர் போகிறது, நல்லது. மடை சரியாக அடைபடாமல் நீர் போனால் குளம் வற்றும். நாம் பெயர் தேடுவது இரண்டாவதற்கு.

சிறுநீரகம் வடிகட்டும் மக்னீசியத்தில் ஏறத்தாழ 95 விழுக்காட்டை அதனுள் இருக்கும் நுண்குழல்கள் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. அதில் பெரும்பங்கு ஹென்லே வளைவு என்ற, குழலின் கொண்டைஊசி வளைவில், தடித்த ஏறுபகுதியில் நடக்கிறது. கால் வீக்கத்துக்குத் தரும், நீர் போகிற குளிகையான ஃப்யூரோசமைடு வேலை செய்வதும் அங்கேதான். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்கள் அதை உடம்பு ஒதுக்காமலிருக்கச் சாப்பிடும் டாக்ரோலிமஸ், அதே குழலில் இன்னும் தள்ளி, சேய்மைச் சுருள் நுண்குழல் என்ற பகுதியில் மக்னீசியம் உள்ளே வரும் வழியையே குறைத்துவிடுகிறது. இரண்டிலும் பழுது ஒன்றுதான்: மீட்க வேண்டியதை மீட்கவில்லை. அதனால்தான் ‘மக்னீசிய மீட்புக்குறை’ என்கிறேன். ‘கசிவு’ நல்ல சொல்தான், ஆனால் சிறுநீரில் புரதம் போவதைச் சொல்லும் ‘புரதக் கசிவு’ அதை ஏற்கெனவே எடுத்துக்கொண்டது. அது வடிகட்டியில் வரும் கோளாறு, இது குழலில் வருவது.

எங்கள் மருந்துக் கடைக்கு வருகிறவர்களை நினைத்துத்தான் இவ்வளவு பிடிவாதம். மார்த்தாண்டத்தில் ஒரு சிறுநீரக நோயாளி கண்ணாடி மேசைமேல் பையைக் கவிழ்த்தால் மூன்று பொருள் விழும். நீர் போகிற குளிகை, கேஸ் குளிகை, மலச்சிக்கலுக்கு ஒரு வெள்ளைச் சிரப். முதலாவது மக்னீசியத்தைச் சிறுநீரில் இறக்கும். பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்ற கேஸ் குளிகைகள் குடல் அதை உறிஞ்சுவதைக் குறைக்கும். இவற்றை நெடுநாள் சாப்பிடுவோருக்கு மக்னீசியம் குறையலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2011-லேயே எச்சரித்தது. மக்னீசியம் கொடுத்தும் ஏறாமல், அந்தக் குளிகையையே நிறுத்த வேண்டி வந்தவர்களும் உண்டு. மூன்றாவதான சிரப்பில் இருப்பதே மக்னீசியம் ஹைட்ராக்சைடு. சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 30 மில்லிக்குக் கீழே போனவருக்கு அது வெளியேறாமல் தேங்கும்.

ஒரே பையில் மூன்று வழி. ‘மக்னீசியப் பாதிப்பு’ என்று ஒரே பெயர் வைத்தால் டாக்டரிடம் எதைக் கேட்பது என்றே நோயாளிக்குத் தெரியாது. என் முன்மொழிவு: குடலில் ஏற்புக்குறை, சிறுநீரகத்தில் மீட்புக்குறை, வெளியேறாமல் நிற்பது தேக்கம்.

குறைந்தால் தசைப்பிடிப்பு, கை நடுக்கம், இதயத் துடிப்பு தாறுமாறாவது. பொட்டாசியமும் கூடவே இறங்கி, மக்னீசியத்தைச் சரிசெய்யும்வரை ஏற மறுக்கும். தேங்கினால் சோர்வு, தூக்கம், ரத்த அழுத்தம் இறங்குவது. முழங்காலில் தட்டினால் கால் உதறாது.

இன்னொன்று. ‘குருதி மக்னீசியக் குறை’ என்பதில் ‘குருதி’யை வெட்டிவிடாதீர்கள். உடலிலுள்ள மக்னீசியத்தில் 1 விழுக்காட்டுக்கும் குறைவுதான் ரத்தத்தில் இருக்கிறது. ரத்த அளவு சரியாக இருந்தும் உடம்பில் குறை இருக்கலாம்.

---

தம்பி,

கழிவை விட்டுவிடுகிறேன். மீட்புக்குறை எனக்குச் சம்மதம், தேக்கமும் சரி, ‘நீர்த்தேக்கம்’ பழகிய சொல். ஏற்புக்குறைதான் இடிக்கிறது. ‘ஏற்பி’ என்று செல்லின் மேலுள்ள புரதத்தைப் பாடநூல்கள் சொல்கின்றன, பிள்ளைகள் குழம்புவார்கள். குடலுக்கு ‘உறிஞ்சற்குறை’ போதாதா? அப்புறம், கையேட்டில் சொல்லுக்குப் பக்கத்திலேயே “நீங்களாக எந்தக் குளிகையையும் நிறுத்தாதீர்கள், மக்னீசியப் பரிசோதனை வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்” என்று ஒரு வரி போட்டுவிடு. யூரியா, கிரியாட்டினின் பார்க்கும்போது மக்னீசியம் தானாக வந்துவிடாது, பெரும்பாலும் தனியாக எழுதித்தர வேண்டும்.

---

உறிஞ்சற்குறை சரி அண்ணாச்சி, மாற்றிக்கொள்கிறேன். அந்த வரியை முதல் பக்கத்திலேயே போடுகிறேன். தேக்கத்துக்குக் கீழே மக்னீசியம் கலந்த நெஞ்செரிச்சல் சிரப்புகளையும் சேர்க்கிறேன். அவற்றை டாக்டர் சீட்டில்லாமல்தான் கேட்டு வாங்குகிறார்கள்.