பழைய பவளக்கல் வீடுகள் பற்றித் தகவல் வேண்டும்

மன்னார் வளைகுடாக் கரையில், குறிப்பாகத் தூத்துக்குடி, கீழக்கரை, பாம்பன் பக்கம் இருப்பவர்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். பவளக்கல் (கடலில் வெட்டியெடுத்த பவளப்பாறைக் கல்) வைத்துக் கட்டிய பழைய வீடோ மதிலோ உங்கள் ஊரில் இருக்கிறதா? கட்டிய ஆண்டு பத்திரத்திலோ வாசல் நிலையிலோ பதிவாகியிருந்தால் மிகவும் நல்லது.

கேட்பதற்குக் காரணம், பவளக்கல்லில் பழைய கடலின் நிலை பதிவாகியிருக்கும். போரைட்டிஸ் வகைப் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்கிறது. கல்லை மெல்லிய பலகையாக அறுத்து எக்ஸ்ரே எடுத்தால் வெளிர் பட்டையும் அடர் பட்டையும் மாறி மாறித் தெரியும். ஒரு சோடி ஓர் ஆண்டு. பவளத்தின் சுண்ணாம்புக் கூட்டுக்குள் சிக்கிய துளியளவு கரிமப் பொருளில் நைட்ரஜன்-15 (நைட்ரஜனின் சற்றுக் கனமான வகை) எவ்வளவு என்று அளக்கலாம். சாக்கடை கலந்த கடலில் அது பொதுவாகக் கூடும்; ரசாயன உரம் வந்து சேர்ந்தால் பெரும்பாலும் குறையும். இவை இரண்டும் பெருகுவதற்கு முன் நம் கடல் எப்படி இருந்தது என்பதற்குப் பழைய கல்தான் சாட்சி. அந்த வீடுகளோ வேகமாக இடிபடுகின்றன.

தயவுசெய்து யாரும் கல்லைப் பெயர்க்கவோ அனுப்பவோ வேண்டாம். பவளம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது; மாதிரி எடுப்பதெல்லாம் வனத்துறை அனுமதி கிடைத்த பிறகுதான். இப்போதைக்கு ஊர்ப் பெயரும் ஒரு புகைப்படமும் போதும். இடிக்கப்போகிற வீடு என்றால் உடனே சொல்லுங்கள்.