பெரியப்பாவின் பொறுப்பை மகளிடம் ஒப்படைப்பது குறித்து வழிகாட்டல் தேவை

கிருஷ்ணகிரியைத் தலைமையிடமாகக் கொண்டு தருமபுரி, ஓசூர், பாலக்கோடு ஆகிய ஊர்களில் கடைகள் நடத்தும் எங்கள் ஜவுளி நிறுவனத்தின் (பிரைவேட் லிமிடெட்) நிர்வாக இயக்குநரான பெரியப்பாவுக்கு வரும் தை மாதம் 70 வயது நிறைகிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 196ஆம் பிரிவின்படி அதன்பின் அவர் தொடரப் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் (பதிவாகும் வாக்குகளில் நான்கில் மூன்று பங்காவது ஆதரவு பெறும் தீர்மானம்) வேண்டும். அது எளிதாக நிறைவேறிவிடும். ஈரோடு, சூரத் மொத்த வியாபாரிகளின் நம்பிக்கை, கடன் தவணை, ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்குமான கொள்முதல் ஆகிய அனைத்தும் அவர் ஒருவரையே சார்ந்திருப்பதுதான் எங்களை வாட்டுகிறது.

ஆலோசகர் தந்த அறிக்கை பெருநகர நிறுவனங்களுக்கே பொருந்தும். வெளியாள் ஒருவரை நியமிக்கப் பங்குதாரர்களான சித்தப்பாக்கள் உடன்படவில்லை. பெரியப்பாவின் மகளிடம் ஓசூர் கிளையை ஒப்படைத்தோம்; விற்பனை உயர்ந்தது, அவர் திறமையில் எனக்கு ஐயமே இல்லை, ஆயினும் மூத்த மேலாளர்கள் இன்னமும் பெரியப்பாவிடமே உத்தரவு கேட்கிறார்கள்.

இத்தகைய மாற்றத்தை நடத்தி முடித்தவர்கள், முதலில் கொள்முதல் அதிகாரத்தைக் கைமாற்றினீர்களா, பதவியையா?